நாற்பத்தொன்றாம் மரம்

அந்த வீட்டின் முன்பக்கச் சாய்ப்பில்தான் என் பட்டறை. மெஷின் ரம்பம் ரிப்பேர் செய்வது, சங்கிலி தீட்டுவது, கார்புரேட்டர் கழுவுவது. வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர். அந்தப் பக்கம் வெங்காயம் வதங்கினால் இந்தப் பக்கம் பசிக்கும். இந்தப் பக்கம் பெட்ரோல் சிந்தினால் அந்தப் பக்கத்திலிருந்து திட்டு வரும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒட்டுக்கேட்கத் தேவையே இருந்ததில்லை.

வீட்டுக்காரர் வன இலாகாவில் மரம் அறுக்கிறவர். ரம்பக்காரர் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஜோடி, கயிறுக்காரர். மரம் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் கயிறு கட்டி இழுத்துப் பிடிப்பது அவர் வேலை. ரம்பம் ஓடும்போது பேச்சு கேட்காது, தலையாட்டிக் கையாட்டித்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்படியே பழகிப்போய் டீக்கடையிலும் இரண்டு பேரும் தலையாட்டியே டீ சொல்லுவார்கள். கடைக்காரருக்கு அதில் கோபம் உண்டு.

ரம்பக்காரரின் மனைவியை நான் அக்கா என்பேன். அவள் என்னை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்கிற வழக்கு இன்னும் தீரவில்லை. அவளுக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் போனபின் ஏழு வயதிலிருந்து அவனை வளர்த்ததெல்லாம் இந்த வீட்டில்தான். ஜன்னல் உள்ள ஒரே அறை அவனுக்கு. ரம்பக்காரர் தன் பிள்ளை போலவே தூக்கிச் சுமந்தார், படிக்க வைத்தார். படித்து முடித்து, மாமா வேலை செய்கிற அதே காட்டுக்கு, ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற ஆளாக வந்தான். செயற்கைக்கோள் எடுக்கிற படத்தையும், விமானத்திலிருந்து எடுக்கிற படத்தையும் வைத்துக் காட்டை வரைகிற வேலை. தொழிலாளிகள் அவனுக்கு வைத்த பேர் சாட்டிலைட்டு. அவனுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அவன் வரைந்தது சும்மா படம் இல்லை. எந்தச் சரிவில் மண் வழுக்கும், எங்கே செத்த மரம் நிற்கிறது, எந்த இடத்தில் போன் எடுக்காது, அடிபட்டால் ஆம்புலன்ஸ் வர எத்தனை நிமிஷம் ஆகும், எல்லாம் அதில் கலராக வரும். பச்சை என்றால் தாராளமாகப் போகலாம். மஞ்சள் என்றால் பார்த்துப் போ. சிவப்பு என்றால் கால் வைக்காதே. திங்கட்கிழமை தோறும் ஒவ்வொரு ஜோடிக்கும் இரண்டு தாள். ஒன்று காட்டில் இருக்கிற கொட்டகையில் மாட்ட, ஒன்று கையில் எடுத்துப்போக. மழையில் நனையாத, கிழித்தாலும் கிழியாத பிளாஸ்டிக் தாள். நாங்கள் கலர்த்தாள் என்போம்.

ரம்பக்காரர் கையில் எப்போதும் மெஷின் இருக்கும். அதனால் கலர்த்தாள் கயிறுக்காரர் பையில்தான். மத்தியானம் அதைத் தரையில் விரித்து, அதன் மேல் உட்கார்ந்துதான் சோறு தின்பார். காட்டுத்தரை எந்நேரமும் ஈரமல்லவா. "சாட்டிலைட்டு மேலயே உக்காந்து சாப்பிடற ஆளு இந்த உலகத்துல நான் ஒருத்தன்தான்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவர் ஒரு நாளில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

மேலிருந்து எடுக்கிற படத்துக்கு மரத்தின் தலை தெரியும், வயிறு தெரியாது. அதனால் வேலையில் சேர்ந்த புதிதில் சாட்டிலைட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு மாசம் காடு முழுக்க நடந்தான். ரம்பக்காரர் கோடாலியின் பின்பக்கத்தால் ஒவ்வொரு மரமாகத் தட்டுவார், காதை வைத்துக் கேட்பார். "இது உள்ள காலி. எழுதிக்கோ" என்பார். இவன் கைப்பலகையில் செருகிய காகிதத்தில் புள்ளி வைத்து நம்பர் போடுவான். ஒவ்வொரு காகிதத்தின் அடியிலும் மாமா கையெழுத்துப் போடுவார். அப்படி எழுதிய ஆபத்தான மரங்கள் எண்பத்தாறு. காட்டின் ஏழாம் பிளாக்கில் நின்றது நாற்பத்தொன்றாம் நம்பர் மரம். அந்தச் சாயங்காலங்களில் இரண்டு பேரும் முழங்கால் வரை சேற்றோடு வந்து பட்டறை வாசலில் கால் கழுவுவார்கள். அக்கா பார்த்துக்கொண்டே நிற்பாள். அவள் முகத்தில் இருந்த நிறைவை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் ஒரு வாரம் பேய்க்காற்று அடித்தது. அது ஓய்ந்தபின் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கும் அங்கேதான் சாப்பாடு. சோறு, பொரித்த முட்டை, வெங்காயம்.

"மாமா, நாளைலேர்ந்து ஏழாம் பிளாக் உங்களுக்கு" என்றான் சாட்டிலைட்டு.

ரம்பக்காரர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "அது செவப்பாச்சே. நாப்பத்தொண்ணு நிக்குதே அங்க."

"நிக்கல மாமா. காத்துல விழுந்துடுச்சு. புதுப் படம் வந்துடுச்சு. அந்த இடத்துல மரமே இல்ல. வெள்ளிக்கிழமையே மஞ்சளாக்கிட்டேன்."

"நீ போய்ப் பாத்தியா?"

"படத்துல அவ்வளவு தெளிவா இருக்கு. இலைநுனி வரைக்கும் தெரியும்."

"படம் கெடக்கட்டும். நீ போய்ப் பாத்தியான்னு கேட்டேன்."

"பாதையெல்லாம் சேறு மாமா, வண்டி ஏறல. ரேஞ்சர்கிட்ட போன்ல சொன்னேன். மாத்துன்னு அவரே சொல்லிட்டாரு. மழைக்கு முன்னாடி ஏழு முடியணுமாம்."

அக்கா தம்பிக்கு இன்னொரு முட்டை வைத்தபடி சொன்னாள். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். படிச்சிட்டுத்தானே சொல்றான்? நீங்க சாப்பிடுங்க."

ரம்பக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்பார்க் பிளக். நான் வெங்காயத்தைக் கடித்தேன். அவர் சாப்பிட்டார்.

புதன்கிழமை காலையில் அது நடந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு நல்ல மரத்தை அறுத்துச் சாய்த்திருக்கிறார்கள். பனிமூட்டம். கலர்த்தாளில் ஓடி ஒதுங்கும் வழி என்று ஒரு அம்புக்குறி போட்டிருக்கும்; கயிறுக்காரர் அந்த இடத்தில்தான் நின்றார். அவருக்குப் பின்னால் கொடி மூடி, பச்சைப் புதர் மாதிரி நின்றது நாற்பத்தொன்று. காற்றில் விழுந்தது அதன் தலை மட்டும். நாற்பதடி உடம்பு அப்படியே நின்றுகொண்டிருந்தது. தலையில்லாத மரத்தை மேலிருந்து பார்த்தால் மரமே இல்லை. சாய்ந்த மரம் மண்ணை உலுக்கிய உலுக்கலில் அது சத்தமில்லாமல் வந்தது. ரம்பக்காரர் மெஷினைப் போட்டுவிட்டு ஓடினார். அவரால் எட்ட முடிந்தது கயிறுக்காரரின் சட்டையைத்தான். ரம்பக்காரர் காலில் இரண்டு எலும்பு முறிந்தது. கயிறுக்காரர் அங்கேயே போய்விட்டார்.

இதுவரை நடந்தது தப்பு. தப்பு யாருக்கும் வரும். இதற்கப்புறம் நடந்ததற்கு எனக்கு அந்தப் பேர் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாளே ஆபீஸ் ஜீப் போய்க் கொட்டகையில் மாட்டியிருந்த கலர்த்தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. சாட்டிலைட்டு கயிறுக்காரர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனான். போனவன், "ஆபீஸ்ல ஒப்படைக்கணும்" என்று அவர் பையை வாங்கி வந்தான். பத்து நாள் கழித்து விசாரணை நோட்டீஸ் வந்தது. ஏழாம் பிளாக் சிவப்பு என்று தெரிந்தும் ரம்பக்காரர் தன் ஜோடியை அழைத்துப் போனார் என்று அதில் எழுதியிருந்தது. நாற்பத்தொன்றாம் மரம் ஆபத்து என்று அவரே கையெழுத்துப் போட்ட காகிதத்தின் நகலும் கூடவே இருந்தது.

அக்கா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு ஜன்னல் அறைக்குப் போனாள். "என்னடா இது? அன்னிக்கு மஞ்சள்னுதானே சொன்ன?" என்று அவள் கேட்டது தகரத்துக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

"ஆபீஸ் விஷயம்க்கா. கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதான் ரெக்கார்டு. நான் பேசிப் பாக்கறேன். நீ பதறாத."

அவள் நம்பினாள். நானும்தான் நம்பினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் பையன், பேசிப் பார்ப்பான் என்று நினைத்தேன்.

நோட்டீஸ் வந்த மூன்றாம் நாள் காலையில் கயிறுக்காரரின் மனைவி வந்தாள். தூற்றலில் நடந்தே வந்திருந்தாள். அக்கா போட்ட நாற்காலியில் உட்காரவில்லை. ரம்பக்காரர் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார்.

"ஒரே ஒரு வார்த்தை கேக்க வந்தேண்ணே. தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனீங்களா?"

"மஞ்சள்தாம்மா போட்டிருந்துச்சு. மரம் இல்லன்னு சொன்னாங்க."

"ஆபீஸ்ல என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினாங்க. செவப்பாத்தான் இருந்துச்சு. உங்க கையெழுத்தும் இருந்துச்சு. அது உங்க கையெழுத்து இல்லையா?"

ரம்பக்காரருக்குப் பொய் வராது. "என்னோடதுதான்" என்றார்.

"அவரு உங்களைக் கேக்காம தண்ணி கூடக் குடிக்க மாட்டாரேண்ணே" என்றாள் அவள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரம்பக்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. கட்டிலில் படுத்தபடி விரல் முட்டியால் கட்டில் காலைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. வேலை இல்லாதபோதும் அரத்தை எடுத்து எதையாவது ராவிக்கொண்டிருந்தேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் வெயில் அடித்தது. அக்கா வீட்டுத் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்டாள். மத்தியானம் மடித்து எடுத்துக்கொண்டு தம்பியின் அலமாரியில் வைக்கப் போனாள். அடித்தட்டில் விரித்திருந்த செய்தித்தாள் நனைந்து நாறியது. மாற்றிவிடலாம் என்று தூக்கினாள். கீழே எட்டாக மடித்த கலர்த்தாள். விரித்தாள். ஓரத்தில் எண்ணெய்க் கை, நடுவில் சோறு காய்ந்த கறை.

அவன் ஏன் அதை வைத்திருந்தான் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கிழித்தால் கிழியாது, எரித்தால் பிளாஸ்டிக் நாற்றம் தெருவுக்கே சொல்லிவிடும். தூக்கிப் போட மனசு வரவில்லையோ என்றும் ஒரு நினைப்பு வரும். அந்த நினைப்பை நான் வளர்த்துக்கொள்வதில்லை.

சாட்டிலைட்டு சாப்பிட வந்தான். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அந்தத் தாளை விரித்து வைத்திருந்தாள்.

"உக்காரு" என்றாள்.

அவன் நின்றான். நான் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

"இது எங்க இருந்துச்சு?"

"உன் சட்டைக்கு அடியில. என்ன கலர்டா இது?"

"உனக்கு இதெல்லாம் புரியாதுக்கா."

"புரியாதுதான். படம் பாக்கத் தெரியாது எனக்கு. மஞ்சளுக்கும் செவப்புக்கும் வித்தியாசம் தெரியும். தேதியும் போட்டிருக்கு. அந்தத் திங்கக்கிழமை."

அவன் குரல் உடைந்து வந்தது. "நான் வேணும்னு பண்ணலக்கா. ரேஞ்சர்தான் பழையபடி செவப்பாக்குன்னாரு. போய்ப் பாக்காம கலர் மாத்தினதுக்கு வேலை போயிடும், ஜெயிலுக்குக் கூடப் போவேன்னாரு. நான் பாத்துக்கறேன், நீ வாயைத் திறக்காதன்னாரு."

"அதுக்கு மாமாவைத் தள்ளி விட்டியா?"

"மாமாவுக்கு ஜெயில்லாம் வராதுக்கா! ரம்பம் பிடிக்கக் குடுத்த கார்டு மட்டும்தான் ரத்தாகும். எப்படியும் இந்தக் காலை வெச்சுக்கிட்டு அவரால இனிமே மலை ஏற முடியாது. அதனாலதான் நான்..."

சொல்லி முடிக்கும் முன்னால் அவனுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டான். கணக்குப் போட்டிருக்கிறான், பாவி. மாமாவின் முறிந்த காலை வைத்து, உட்கார்ந்து, நிதானமாகக் கணக்குப் போட்டிருக்கிறான்.

ரம்பக்காரர் பேசினார். நான்கு நாளில் முதல் தடவை.

"நீ போய்ப் பாக்காதது தப்பு. அதுக்கு உன்னைக் கேக்க மாட்டேன். நானும் போய்ப் பாக்கல. இத்தனை வருஷமா என் காதை நம்பினவன், அன்னிக்கு உன் படத்தை நம்பினேன். அது என்னோட போகட்டும். ஆனா ஒண்ணு கேக்கறேன். அவரு சம்சாரம் இங்க நின்னு, தெரிஞ்சே கூட்டிட்டுப் போனீங்களான்னு என்னைக் கேட்டுச்சே. அப்ப நீ அந்த ரூமுக்குள்ளதானே இருந்த?"

ரம்பக்காரர் விடவில்லை.

"கதவு ஒருக்களிச்சுத்தான் இருந்துச்சு. உன் செருப்பு தெரிஞ்சுது. ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்டா."

அக்கா குனிந்து தாளை எடுத்து மடித்தாள். "அக்கா, அதை ஆபீஸ்ல குடுத்துடாத. நான் தொலைஞ்சேன்" என்று அவன் அவள் கையைப் பிடித்தான்.

"ஆபீஸ்ல குடுக்கல. யாரோடதோ அங்க குடுக்கறேன்" என்று கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தாள். என் பட்டறையைத் தாண்டிப் போகும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த முகம் அது. அவள் திரும்பிப் பார்க்காமல் நேரே கயிறுக்காரர் வீட்டுக்கு நடந்தாள்.

விசாரணை காலை பத்து மணிக்கு. ஆபீஸ் கூடத்தில் ஜன்னலை எல்லாம் சாத்தி, சுவரில் படம் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். மேலிடத்திலிருந்து வந்திருந்த அதிகாரி ஒரு அம்மாள், கண்ணாடி போட்டவர். பக்கத்தில் ரேஞ்சர். கம்ப்யூட்டரோடு சாட்டிலைட்டு. ரம்பக்காரரை நானும் அக்காவும் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் உட்கார வைத்தோம். சுவரில் காடு விரிந்தது. ஏழாம் பிளாக் மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தது.

"சம்பவத்தன்னிக்கு நெலமை இதுதான் மேடம்" என்றார் ரேஞ்சர். "அவரே அடையாளம் காட்டின மரம். இருந்தும் அவரு எச்சரிக்கைய மீறிப் போயிருக்காரு."

அப்போதுதான் கயிறுக்காரரின் மனைவி எழுந்தாள். முன்னால் போனாள். இடுப்பில் வைத்திருந்ததை எடுத்து, மேசைக்கு முன்னால் தரையில் விரித்தாள். விரித்து, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னம்மா இது? எழுந்திரிங்க. நாற்காலி இருக்கே" என்றார் ரேஞ்சர். அவர் குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

"எங்க வீட்டுக்காரரு தெனமும் இதுலதான் உக்காந்து சாப்பிடுவாரு. கடைசி வாரம் அவரு உக்காந்த தாளு இது. சோத்துக்கறை கூடப் போகல" என்றாள் அவள், அதிகாரி அம்மாளைப் பார்த்து. "எனக்குப் படிக்கத் தெரியாது. நான் எந்தக் கலர் மேல உக்காந்திருக்கேன்னு நீங்களே வந்து பாத்துச் சொல்லிடுங்கம்மா."

அதிகாரி மேசையைச் சுற்றி வந்தார். குனிந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓரத்தில் இருந்த தேதியைப் படித்தார், அச்சடித்த நேரத்தைப் படித்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி தரையைப் பார்த்தார்.

"மஞ்சள்" என்றார்.

ரேஞ்சர்தான் முதலில் சுதாரித்தார். அந்த ஆள் எங்கேயும் நனையாமல் போகிற ஆள். சாட்டிலைட்டு பக்கம் திரும்பினார். "என்னப்பா இது? யாரைக் கேட்டுக் கலர் மாத்தின?"

"சார், நீங்கதானே சார்... போன்ல..."

"நானா? எழுத்துல எங்கேயாவது குடுத்திருக்கேனா?"

சாட்டிலைட்டு அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், கடைசியில் என்னைக்கூடப் பார்த்தான். பாவம் என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதில் எனக்கே என் மேல் கோபம் வந்தது.

போனில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று தனியாக விசாரிப்பதாக அதிகாரி சொன்னார். ரம்பக்காரர் மேல் தப்பில்லை என்று அங்கேயே எழுதிப் படித்துக் காட்டினார். தாளைக் கோப்பில் சேர்க்கக் கேட்டபோது கயிறுக்காரரின் மனைவி, "படம் பிடிச்சுக்கங்க. தாளு என்னோடது" என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளியே வாசல்படியில் ரம்பக்காரர் ஊன்றுகோலோடு மூச்சு வாங்க நின்றார். அவள் கிட்டே வந்தாள்.

"அண்ணே, இத்தனை நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மனசு ஒப்பல. அன்னிக்கு அவரு சாப்பிட்டாரா?"

ரம்பக்காரர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு வாயாலேயே சொன்னார். "பசிக்குதுன்னு வயித்தத் தொட்டுக் காட்டினாரு. இந்த ஒரு மரம் முடிச்சிட்டு உக்காரலாம்னு கைய காட்டினேன். தலையாட்டினாரு."

"அவருக்குப் பத்தரைக்கே பசிச்சுடும்" என்றாள் அவள். அப்போதுதான் அழுதாள். அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். ரம்பக்காரரும் அழுதார், மறைக்காமல், நடு வாசலில்.

நாங்கள் கேட்டை நெருங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். சாட்டிலைட்டு. கழுத்தில் மாட்டியிருந்த ஆபீஸ் அட்டையை வாங்கிக்கொண்டு விட்டிருந்தார்கள். எங்களுக்கு நாலடி தள்ளியே நின்றான். ஏழு வயதில் தப்புப் பண்ணிவிட்டு வந்தாலும் இப்படித்தான் நாலடி தள்ளி நிற்பானாம், அக்கா முன்பு சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, நான் வீட்டுக்கு வரட்டுமா?"

அக்கா திரும்பினாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டையில் ஒரு பித்தான் போயிருந்தது. அவள் பார்வை அங்கே ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன்.

"வா" என்றாள். "உன் துணியெல்லாம் தோச்சு மடிச்சு வெச்சிருக்கேன். எடுத்துட்டுப் போ."